பழைய பிக்கப் வண்டிக்குப் பிற்காலக் கியர்ப்பெட்டி பொருந்துமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடியானவர்களிடையே, நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்த பிக்கப் வண்டிகளைக் கழித்துவிடாமல் பழுது பார்த்து ஓட்டும் வழக்கம் இன்றும் இருந்து வருகிறது. எஞ்சினுக்கு வேண்டிய சாமான்கள் எளிதில் அகப்படுகின்றன. கியர்ப்பெட்டியின் விஷயம் அப்படியன்று. ஆகையால் ஒரு காலத்து வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொரு காலத்து வண்டியில் பூட்டுவது சாதாரணமாகிவிட்டது. "எல்லாம் ஒரே கம்பெனி வண்டிதானே, பொருந்தாமல் எங்கே போகும்?" என்பது பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்குகளில் சொல்லப்படும் வார்த்தை. அது பாதி மெய். பாதி மெய்யை நம்பிப் பணம் கொடுத்தவனுடைய வண்டி, வைக்கோல் ஏற்ற வேண்டிய வாரத்தில் கொட்டகையில் கட்டையின்மேல் நிற்கிறது.

ஷெவ்ரோலே, ஜி.எம்.சி. என்னும் பெயர்களால் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் விற்ற வண்டிகள் இதற்குத் தக்க உதாரணமாகும். பாரம் சுமக்கும் அவ்வண்டிகளில் 1948 முதல் 1967 வரை எஸ்.எம். 420 என்ற நான்கு வேகப் பெட்டியும், 1968 முதல் 1991 வரை எஸ்.எம். 465 என்ற நான்கு வேகப் பெட்டியும் பூட்டப்பட்டன. 1992-ல் நியூ வெஞ்சர் கியர் கம்பெனியாரின் என்.வி. 4500 என்ற ஐந்து வேகப் பெட்டி வந்தது. மூன்றும் வார்ப்பிரும்பாலானவை; முறையாக எண்ணெய் ஊற்றினால் எளிதில் கெடாதவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியின் உடற்கூடு 1967-லேயே புது வடிவம் பெற்றுவிட்டது. பெட்டியோ 1968-ல்தான் மாறிற்று. ஆகவே பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு வண்டிகளின் அடியில் இருவேறு பெட்டிகள் இருக்கலாம். உருவத்தைக் கொண்டு காலத்தை மதிப்பிடுவோர் இங்கேதான் முதலில் ஏமாறுகின்றனர்.

பழைய பெட்டிகளுக்கு இத்தனை மதிப்பு ஏனெனில், அவற்றின் முதற்கியரே காரணம். 420-ல் எஞ்சின் 7.05 சுற்றுச் சுற்றினால் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும், 465-ல் 6.55 சுற்றுக்கு ஒன்று. பின்னச்சின் விகிதம் 4.10 என்றும், சக்கரத்தின் குறுக்களவு 30 அங்குலம் என்றும் கொண்டால், 465 பூட்டிய வண்டி, எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்றில் வெறுமனே ஓடும்போது, மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் நகரும். அது பாரம் இழுக்கும் எருதின் நடை. கால்நடைப் பண்ணையார் சிலர், வண்டியை இந்தக் கியரில் தானே நகரவிட்டு, பின்னால் ஏறி நின்று மாடுகளுக்கு உலர்ந்த புல்லைத் தள்ளுவதுண்டு. ஆளில்லாத வண்டியை ஓடவிடும் இவ்வழக்கம் மெச்சத்தக்கதன்று. ஆயினும் அப்பெட்டியின் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. முதற்கியர் விகிதம் நான்குக்கு ஒன்றாயுள்ள இலேசான பெட்டியைப் பூட்டினால் அதே வண்டி மூன்றேகால் மைல் வேகத்துக்குக் குறையாது. குறைக்க வேண்டுமானால் கிளச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டவேண்டும். கிளச் பிளேட் எத்தனை நாள் தாங்கும்? நிலத்தில் வேலை செய்யும் வண்டியிலிருந்து இத்தகைய கனமான பெட்டியைக் கழற்றிவிட்டு, நெடுஞ்சாலைச் சுகத்துக்காக இலேசான பெட்டியை வைப்பது லாபகரமன்று.

இனி, பொருந்தும் பொருந்தாது என்னும் விஷயம். 420, 465 ஆகிய இரண்டுக்கும் கிளச்சினுள் நுழையும் தண்டு ஒன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைந்த கனமுடையது. அதாவது 1⅛ அங்குலம். இரண்டிலும் 10 ஸ்ப்ளைன். பெட்டியைத் தாங்கும் நான்கு போல்ட்டுத் துளைகளும் ஒத்திருக்கின்றன. பழைய கிளச் பிளேட் புதுத் தண்டில் வழுக்கிக்கொண்டு ஏறுவதைக் கண்டவுடன், வாங்குபவன் மனம் நிறைந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறான். பெட்டியின் முகப்பில் முன்பேரிங்கை மூடியிருக்கும் வட்ட விளிம்பை அவன் அளப்பதில்லை. 420-ல் அதன் குறுக்களவு 4.686 அங்குலம், 465-ல் 5.125 அங்குலம். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இவ்விளிம்பே கியர்ப்பெட்டியை எஞ்சினின் மையத்தோடு ஒரே நேரில் நிறுத்துவது. போல்ட்டுகள் பெட்டியை இறுக்கிப் பிடிக்கின்றனவேயன்றி மையம் காட்டுவதில்லை.

எனவே 465-க்குரிய பெல் ஹவுசிங்கில் 420 பெட்டியைப் பூட்டினால், விளிம்பைச் சுற்றிலும் இடைவெளி விழும். பெட்டி நிற்கும், வண்டியும் ஓடும், ஆனால் தண்டு மையம் தப்பியிருக்கும். சில மாதங்களில் பேரிங் இரைச்சலிடுகிறது, கியர் தானே கழன்றுவிடுகிறது, கிளச் முழுதும் விடுவதில்லை. பெட்டி கெட்டதென்று பழி சுமத்தி, இன்னொரு பெட்டிக்கு அலைகின்றனர். அளவாகக் கடைந்த ஒரு வளையத்தை இடையில் வைத்திருந்தால் இத்துன்பம் வந்திராது. மாறாக, 465-ஐப் பழைய ஹவுசிங்கில் வைக்க முயன்றால் துளை சிறியதாகையால் உள்ளே நுழையாது. கைச்சாணையைப் பிடித்துத் துளையை அகலப்படுத்துவோரும் இருக்கிறார்கள். இதைப் போன்ற மூடத்தனம் வேறில்லை. துளையைப் பெரிதாக்கவேண்டுமானால், நல்ல கடைசல் பட்டறையில் பழைய மையத்தையே பற்றிக் கடையவேண்டும். இல்லையேல் பிற்கால ஹவுசிங்கையே வாங்கிவிடவேண்டும். எப்படிச் செய்தாலும், பூட்டுவதற்குமுன் டயல் கேஜ் வைத்துத் துளையைச் சுற்றிப் பார்த்து, முள்ளின் முழு அசைவு அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படவில்லையென்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

பின்புறத்திலும் சிக்கல் உண்டு. 420 பெட்டியின் நீளம் ஏறத்தாழ 10½ அங்குலம். 465-ன் நீளம் 12 அங்குலம். பெட்டியை மாற்றினால் புரொபெல்லர் ஷாப்ட்டை வெட்டியோ நீட்டியோ சமன் செய்யவேண்டியிருக்கும். தாங்கு சட்டத்தின் துளைகளும் இடம் மாறும். 465 என்று ஒரே பெயர் பெற்ற பெட்டிகளிலும் வெளித்தண்டு ஒன்றுபோல் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் முற்காலத்தவை 10 ஸ்ப்ளைன், பிற்காலத்தவை 32 ஸ்ப்ளைன் கொண்டவை. பின்சக்கரம் மட்டும் இழுப்பவற்றில் 35 ஸ்ப்ளைன் தண்டு உண்டு. விலை மலிவென்று பின்னதை வாங்கி, நான்கு சக்கர வண்டியில் பூட்ட எண்ணினால், பெட்டியை முழுதும் பிரித்து மெயின் ஷாப்ட்டையே மாற்றியாக வேண்டும். மலிவு அத்துடன் போயிற்று.

உள்ளுறுப்புகளை மட்டும் எடுத்து மாற்றும் யோசனையைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. 420-ம் 465-ம் வெவ்வேறாக வகுக்கப்பட்டவை. ஒன்றின் பற்சக்கரத்தை மற்றொன்றில் வைப்பது வீண் முயற்சி. ஒரே வகைப் பெட்டிகளிலும், சேர்ந்து தேய்ந்த இரண்டு சக்கரங்களில் ஒன்றை மட்டும் மாற்றினால் இரைச்சலும் விரைந்த தேய்வும் உண்டாகும். பெட்டியை முழுதாக, அதன் ஹவுசிங்கோடும் தண்டோடும் சேர்த்து மாற்றுவதே முறை.

ஐந்து வேகப் பெட்டியை நாடுவோருக்கும் நியாயம் இல்லாமலில்லை. மேற்சொன்ன அளவுள்ள வண்டி மணிக்கு 55 மைல் ஓடும்போது, பழைய பெட்டியின் நான்காம் கியரில் எஞ்சின் சுமார் 2,500 சுற்றும், என்.வி. 4500-ன் ஐந்தாம் கியரில் சுமார் 1,850 சுற்றும் சுற்றுகிறது. சந்தை ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்தால் எண்ணெய்ச் செலவிலும் எஞ்சினின் ஆயுளிலும் இது தெரியும். முதற்கியரும் அவ்வளவு மோசமன்று: தொடக்ககாலப் பெட்டியில் 6.34, பிற்காலத்தில் 5.61. ஆனால் இதன் ஹவுசிங் வேறு, கிளச் இயக்கும் வகை வேறு, ஊற்றும் எண்ணெயும் தனி. கைக்கு வந்த கியர் எண்ணெயை இதில் ஊற்றலாகாது. டீசல் எஞ்சினோடு பூட்டிய பெட்டிகளில், ஐந்தாம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து சக்கரம் நழுவுவது நன்கறியப்பட்ட குறை. வாங்குமுன் பின்மூடியைக் கழற்றி அந்நட்டைப் பார்ப்பது உத்தமம்.

எந்த வண்டியின் உறுப்பு எந்த வண்டிக்கு ஆகும் என்பதைக் காட்டும் ஹாலண்டர் அட்டவணை 1934 முதல் அந்நாட்டில் வழங்குகிறது; கிடங்குக்காரர்கள் அதன் எண்களைக் கொண்டே சரக்கைக் கணக்கு வைக்கின்றனர். அதைக் கேட்டுப் பார்ப்பதோடு, அளவுகோலையும் கையில் கொண்டு செல்லவேண்டும். வடித்த எண்ணெயில் பித்தளைத் துகள் சிறிது இருந்தால் குற்றமில்லை. இரும்புச் சில்லுகள் இருந்தால் அப்பெட்டி வேண்டாம். பெட்டி பிடித்திருந்தால், அது கழற்றப்பட்ட வண்டி நசுக்கும் யந்திரத்துக்குப் போகுமுன், பெல் ஹவுசிங், கிளச் நெம்புகோல், தாங்கு சட்டம், புரொபெல்லர் ஷாப்ட் ஆகியவற்றையும் அன்றைக்கே விலை பேசி எடுத்துக்கொள்வது நலம். பின்னர் ஒவ்வொன்றாகத் தேடினால் பெட்டியின் விலைக்கு மேலாகும்.