பிரித்தால்தானே மீண்டும் கட்டலாம்?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலியை முடித்து, திருவுடைகளைக் களைந்துவிட்டு வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் வாயிற்படியில் காத்து நின்றார். ஒரு கையில் துணிப்பை. மறு கையில் ஒன்பது வயது மகன். அழுது கண் சிவந்திருந்தான்.

"சாமி, இவனுக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்றார்.

செய்தி இதுதான். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். சென்ற விடுமுறைக்கு வந்தபோது, லெகோ என்னும் விளையாட்டுக் கற்கள் அடங்கிய பெட்டி ஒன்றை மகனுக்கு வாங்கி வந்திருந்தார். தந்தையும் மகனும் கூடியமர்ந்து, பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து ஒரு தீயணைப்பு வண்டியைச் செய்து முடித்தார்கள். தந்தை விமானம் ஏறிய பின் அவ்வண்டி கண்ணாடி அலமாரியில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, வீற்றிருந்தது. பையனோ ஒரு சனிக்கிழமை அதைக் கீழே இறக்கி, கல் கல்லாகக் கழற்றி, நமது திருவிழாச் சப்பரமாக மாற்றிவிட்டான்!

"அவர் வெயிலில் உழைத்த காசு, சாமி. தொலைபேசியில் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? வண்டியை மறுபடியும் செய்யச் சொல்லி, பசை போட்டு ஒட்டிவிடப் போகிறேன்."

அந்தப் பையை ஒரு வாரம் என்னிடம் விட்டுச் செல்லும்படி கேட்டேன். பசையையும் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்ததைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இக்கற்களின் பிறப்பிடம் டென்மார்க்கு நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூர். 1932-ஆம் ஆண்டு, உலகெங்கும் பொருளாதாரம் வீழ்ந்து கிடந்த வேளையில், வீடு கட்டும் வேலை கிடைக்காத ஒலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் மனைவியையும் இழந்தார். வீட்டில் நான்கு ஆண் மக்கள். நம் சூசையப்பரின் தொழிலைச் செய்த இவர், லூத்தரன் சபையைச் சார்ந்த ஆழ்ந்த பக்தர். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் டேனிய மொழிச் சொற்கள் இரண்டைச் சுருக்கி 1934-இல் 'லெகோ' எனப் பெயரிட்டார். 1942-இல் பட்டறை தீக்கிரையானது. மீண்டும் கட்டினார்.

பிளாஸ்டிக் கற்கள் வந்தது 1949-இல். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அக்கல் முற்றிலும் அவருடைய கற்பனை அன்று. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் முன்னரே அத்தகைய கற்களைச் செய்திருந்தார். அவற்றைப் பார்த்தே பில்லுண்டில் செய்தார்கள். ஆயின் அக்கற்கள் உறுதியாகப் பற்றிக்கொள்ளவில்லை. தச்சரின் மகன் காட்ஃபிரெட், கல்லின் அடிப்புறத்தில் குழாய்களை அமைத்து, கீழேயுள்ள கல்லின் குமிழ்கள் அவற்றின் இடையே இறுகி நிற்குமாறு செய்து, 28-1-1958 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த ஆண்டில் வார்த்த கல் இன்று வார்த்த கல்லோடும் பொருந்தும். கழற்றினால் கழலும், பூட்டினால் பூட்டும். அப்பற்றுதலின் அளவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எட்டுக் குமிழ் உடைய கற்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக 24 வகையில் பொருத்தலாம். ஒரே நிறத்தில் ஆறு கற்கள் இருந்தால்? 91,51,03,765 வகைகள் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். ஆறு கற்களுக்கே இவ்வளவு! ஒரு தீயணைப்பு வண்டியோடு நிற்க வேண்டும் என்று அச்சிறுவனிடம் எப்படிச் சொல்வது?

இவ்வாறு படத்தைப் பாராமல், தாமே கருதிக் கட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட பெரியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. டென்மார்க்கின் தென்பகுதியில் ஸ்கேர்பெக் என்னும் ஊரில் ஆண்டுதோறும் இவர்கள் கூடுகிறார்கள். வரிசையாக மேசைகள், மேசை நிறையக் கப்பல்கள், கோட்டைகள், இரயில் நிலையங்கள். பார்க்க வருவோர் கேட்டால், கட்டியவர் கூரையைக் கழற்றி உள்ளே காட்டுகிறார். "இது எப்படி நிற்கிறது?" என்பதே இவர்களிடையே முதற்கேள்வி. அதற்கு விடையை ஒளித்து வைப்பவருக்கு அங்கே மதிப்பில்லை.

அவர்கள் நுட்பம் ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்து பாருங்கள். ஒரு குமிழுக்குரிய அகலம் 8 மில்லிமீட்டர். கல்லின் உயரமோ 9.6. கல்லைப் படுக்கையாகத் திருப்பி வைத்தால் அளவு இசையாது, இடைவெளி விழும். ஆனால் தகடு என்னும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16. அது சரியாக இரண்டு குமிழ்களின் அகலம்! இக்கணக்கு கைவந்தால், குமிழ்கள் மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்ற கட்டு அறுந்துபோகிறது. சுவரின் முகப்பை வழவழப்பாக்கலாம். கோவில் சன்னலுக்குச் சட்டம் பதிக்கலாம். இதற்கு இவர்கள் பெரிதும் பயன்படுத்துவது, மோட்டார் வண்டியின் முன்விளக்கைப் பொருத்துவதற்காக வந்த ஒரு சிறு கல். அதன் பக்கவாட்டில் சற்றே உள்வாங்கிய குமிழ் ஒன்று உண்டு. அதை வடிவமைத்தவர் பெயரால் 'எர்லிங் கல்' என்றே இன்றும் அழைக்கிறார்கள். முன்னவர் பெயரை மறவாத இப்பண்பு எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு துண்டை அதற்கு விதித்த வேலையினின்று விடுவித்து, வேறொன்றாகக் காண்பதில் இவர்களுக்கு அலாதி இன்பம். வாழைப்பழத் துண்டு மாளிகையின் சித்திர வேலைப்பாடாகிறது. நிறுவனத்தின் வடிவமைப்பாளர்களே 2021-இல் வெளியிட்ட குறுமரம் ஒன்றில், செர்ரிப் பூக்களாக மலர்ந்திருப்பவை இளஞ்சிவப்புத் தவளைகள்! கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தவளை. தள்ளி நின்றால் பூ.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. கல்லை வளைத்து வருத்திப் பொருத்துவதை 'சட்டத்துக்குப் புறம்பானது' என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். அறுப்பதையும், சாயம் பூசுவதையும், பசை போடுவதையும் கண்டிப்பானவர்கள் ஏற்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய காட்சிப் பூங்காக்களில் ஒட்டித்தான் வைக்கிறார்கள், அது வேறு. வீட்டில் ஒட்டிய கல் பிறகு கல்லாகாது. மாதக்கணக்கில் கட்டியதைக் கண்காட்சி முடிந்ததும் பிரித்து, நிறம் நிறமாகப் பெட்டியில் போட்டு, அடுத்ததைத் தொடங்குகிறவர்கள் பலர்.

இத்துறையில் நம் குருக்களும் பின்தங்கியவர்கள் அல்லர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பங்குத்தந்தை ஒருவர், ஏறத்தாழ 5 இலட்சம் துண்டுகளைக்கொண்டு, பத்து மாத உழைப்பில், உரோமை புனித பேதுரு பேராலயத்தையும் அதன் சதுக்கத்தையும் கட்டினார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பிலடெல்பியா நகருக்கு வருகை தந்த காலத்தில், அங்குள்ள பிராங்க்ளின் நிறுவனத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. மாடத்தில் சிறு உருவமாகத் திருத்தந்தையும் உண்டு! (இதைப் படித்தபின் அந்தத் துணிப்பையை நானும் இரவில் ஒருமுறை அவிழ்த்தேன். என் கைக்கு வந்தது ஒரு கோணல் சுவர் மட்டுமே.)

இனி அந்த வீட்டுக்கு வருவோம். தாய் சொன்னதிலும் நியாயம் உண்டு. கல் விலை அதிகம். நம் பங்கில் பெரும்பாலான பெற்றோரால் அதை வாங்க இயலாது. வாங்குங்கள் என்று எழுதவும் நான் முன்வரவில்லை. கடல் கடந்து உழைக்கும் தந்தையின் நினைவாக அவ்வீட்டில் நின்றது அந்த வண்டி. அதைத் தாய் துடைத்து வைத்தது பொம்மைக்காக அன்று, அவருக்காகவே. பையன் அதை உணரவில்லை. ஆயினும் அவன் செய்த சப்பரத்தை நான் மேசைமேல் வைத்து ஒரு வாரம் பார்த்தேன். ஏணியை இரண்டாகப் பிரித்து, தோள் கொடுத்துத் தூக்கும் தண்டுகளாக்கியிருந்தான். விளக்குத் துண்டுகள் மாலையில் ஏற்றும் மெழுகுதிரிகள். அவன் தந்தை ஊரிலிருந்த ஆண்டுகளில் சப்பரத்தின் முன்தண்டைத் தூக்குகிறவர். பையனைக் கேட்டேன், முன்னால் நிற்கும் மஞ்சள் தலை மனிதர் அப்பா என்றான்.

அடுத்த ஞாயிறு தாயிடம் அதை மட்டும் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் நின்றார். பையனிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டு: பழைய படப்புத்தகத்தைத் தொலைக்கக் கூடாது, எதைப் பிரிப்பதற்கு முன்னும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும்.

சப்பரத்தின் படம் அன்றிரவே குவைத்துக்குப் போயிற்று. தந்தையிடமிருந்து வந்த பதிலைத் தாய் என்னிடம் படித்துக் காட்டினார். வண்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. தண்டு இரண்டும் எதில் பொருந்தி நிற்கின்றன, அடிப்புறத்தைத் திருப்பி இன்னொரு படம் எடுத்து அனுப்பு என்று மகனுக்கு எழுதியிருந்தார்.