இளவரசனை விட்டுவிடுங்கள், அவன் அப்படித்தான்

போன வாரம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியதில் நெட் படுத்துவிட்டது. (2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்தபிறகு அந்தமானில் இது எவ்வளவோ பரவாயில்லை. அதற்குமுன் சாட்டிலைட்டை நம்பியிருந்த நாட்களில் ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.) பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன், ஒன்பதாவது படிக்கிறவன், மொபைலில் எந்த கேமும் ஓடவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். லேப்டாப்பில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' போட்டுக் கொடுத்தேன்.

இரண்டே நிமிஷம். "அங்கிள், கீயை விட்டாலும் இவன் நிக்க மாட்டேங்கிறான். லேக் ஆகுது."

"லேக் இல்லடா. ஓடுறவன் சட்டுன்னு எப்படி நிப்பான்?"

1989-ல் ஜோர்டன் மெக்னர் இதை ஆப்பிள் 2-க்காக எழுதினார். தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தார். அதனால்தான் இளவரசனுக்கு உடம்பின் கனம் இருக்கிறது. பள்ளத்தைத் தாண்ட அடி எண்ண வேண்டும். இதை 'கன்ட்ரோல் சரியில்லை' என்று திருத்தப் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மெமரி தீர்ந்துபோய் புது எதிரிக்கு இடமில்லை. மெக்னர் இளவரசனின் படங்களையே ஒரு பிட் நகர்த்தி எக்ஸார் செய்து ஒரு நிழல் மனிதனை உண்டாக்கினார். கடைசியில் அவனோடு சண்டை போட்டால் நீங்கள் வெட்டுவது உங்களைத்தான். கத்தியை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கிப் போக வேண்டும். மொத்த கேமிலும் சிறந்த புதிர் பிறந்தது பற்றாக்குறையில்.

நான் போட்டுக் கொடுத்தது எஸ்டிஎல்பாப். 1990-ல் வந்த டாஸ் பதிப்பை ஒரு ரசிகர் அக்கக்காகப் பிரித்துப் படித்து, சி மொழியில் திரும்ப எழுதியது. இப்போதைய விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், நெட் வேண்டாம். (2012-ல் மெக்னரின் அப்பா வீட்டில் பழைய ஃப்ளாப்பிகளைக் கண்டெடுக்க, சோர்ஸ் கோட் வெளியே வந்ததே, அது ஆப்பிள் 2-க்கானது. இது வேறு வழி.) பழைய பிழைகளைக்கூட அழித்துவிடவில்லை. திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். மறு உருவாக்கம் என்றால் எனக்கு இதுதான்.

இன்னொரு வழியையும் பார்த்தோம். 2003-ல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமைப் புதுப்பிக்கப்போவதாக யூபிசாஃப்ட் 2020 செப்டம்பரில் அறிவித்தது. வேலை புனே, மும்பை ஸ்டுடியோக்களுக்கு. நம் பசங்க கைக்கு வந்திருக்கிறது என்று ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். டிரெய்லரைப் பார்த்து ஊரே கிராபிக்ஸைக் கிண்டலடித்தது. தள்ளிப்போட்டார்கள், 2022-ல் மாண்ட்ரியலுக்கு மாற்றினார்கள், 2026 ஜனவரியில் கைவிட்டே விட்டார்கள். புனேக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழசு மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் பழசாகத் தெரியக்கூடாது என்று கேட்டால் யார்தான் செய்து தருவது?

எஸ்டிஎல்பாப்பிலும் ஒரு விஷயத்தில் எனக்கு உறுத்தல் உண்டு. எஃப் 6 அடித்தால் அந்த இடத்திலேயே சேவ், எஃப் 9 அடித்தால் செத்தவன் திரும்பி வருவான். அறுபது நிமிஷக் கெடு இருக்கும் கேமில் இது அநியாயம். பையன் ஒரே பள்ளத்துக்கு நாற்பது தடவை எஃப் 9 அடித்தான். திட்ட வாயெடுத்தேன். அப்புறம் காலேஜ் லேபில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று டைப் அடித்து லெவல் லெவலாகத் தாண்டிப்போனது யார் என்று ஞாபகம் வந்து, மூடிக்கொண்டேன் :-)

இப்போது நாலாவது லெவலில், வழியை மறிக்கும் கண்ணாடி முன்னால் நிற்கிறான். என்ன செய்யணும் அங்கிள் என்று தினமும் கேட்கிறான். நான் சொல்லவில்லை. நெட் வந்து மூன்று நாளாகிறது.