காகித உத்தரவாதம் களத்தில் நிற்குமா?



2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில் நடந்ததைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். உதவி நாடி வந்த உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியை, அமெரிக்க அதிபர் டிரம்பும் துணை அதிபர் வான்சும் உலகமே பார்க்க அதட்டினார்கள். நன்றி சொல்லவில்லை என்று குறைபட்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஆயுத உதவி நின்றது, உளவுத் தகவலும் நின்றது. மார்ச் 11ல் சவூதியின் ஜித்தா நகரில் நடந்த பேச்சுவார்த்தையில், 30 நாள் போர்நிறுத்தத்துக்கு உக்ரைன் தலையாட்டிய பிறகே இரண்டும் திரும்பக் கிடைத்தன.

'அமெரிக்காவை நம்பியவனுக்கு இது வேண்டியதுதான்' என்று நம் இளைஞர்கள் சிலர் கைதட்டுகிறார்கள். இளைஞனே! கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசி. அங்கே தோற்றது அமெரிக்காவா? இல்லை, அமெரிக்காவை நம்பிய ஒரு நாட்டு மக்கள்!

சோவியத் யூனியன் உடைந்தபோது உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் உக்ரைன் மண்ணில் இருந்தது. அதை இயக்கும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது உண்மைதான். ஆனாலும் பேரம் பேச அது பெரிய முதல். அந்த முதலைக் கொடுத்துவிட்டு உக்ரைன் பெற்றது என்ன? 1994 டிசம்பர் 5ல் புடாபெஸ்ட் நகரில் கையெழுத்தான ஒரு காகிதம். 'உன் எல்லையை மதிப்போம்' என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் அதில் உறுதி சொன்னார்கள். உறுதி மீறப்பட்டால் படை அனுப்புவோம் என்று ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2014ல் ரஷ்யா கிரிமியாவை விழுங்கியது. 2022 பிப்ரவரி 24ல் முழுப் போரையே தொடங்கியது. ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலுக்குப் போனால் அங்கும் வீட்டோவோடு உட்கார்ந்திருப்பது ரஷ்யாதான்! வியாபாரிகளே, ஜாமீன் இல்லாத பத்திரத்தை நம்பிச் சரக்கை ஏற்றிவிட்டவன் கதை உங்களுக்குத் தெரியாததா?

இந்தக் கதையை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 1991 செப்டம்பரில் யுகோஸ்லாவியா முழுவதற்கும் ஐ.நா. ஆயுதத் தடை விதித்தது. பழைய ராணுவத்தின் பீரங்கிகள் செர்பியர் கையில் இருந்தன. ஆகவே தடை யாரைக் கட்டிப் போட்டது? வெறுங்கையோடு நின்ற போஸ்னிய முஸ்லிம்களை! 1993 ஏப்ரலில் ஸ்ரெப்ரெனிகா 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டது. 1995 ஜூலையில், ஐ.நா.வின் டச்சுப் படை அங்கே இருக்கும்போதே ஊர் விழுந்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 8,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தன் வாசலில் எரிந்த தீயை அணைக்க முடியாமல் ஐரோப்பா அன்றும் அமெரிக்காவின் முகத்தைத்தான் பார்த்தது. 30 ஆண்டு கழித்தும் அந்தப் பாடத்தை அது படித்து முடிக்கவில்லை.

குறையை டிரம்ப் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவதும் சரியல்ல. பைடன் ஆட்சியிலேயே சுமார் 6,100 கோடி டாலர் உதவி மசோதா, அமெரிக்க காங்கிரசின் உள்சண்டையில் அரை ஆண்டு சிக்கிக் கிடந்து 2024 ஏப்ரலில்தான் நிறைவேறியது. அதுவரை உக்ரைன் வீரர்கள் குண்டுகளை எண்ணி எண்ணிச் சுட்டார்கள். ஒரே மொத்த வியாபாரியை நம்பிக் கடை நடத்தினால், அவர் வீட்டுச் சண்டைகூட நம் கடையைச் சாத்திவிடும்!

இப்போது ஐரோப்பா விழித்திருக்கிறது. 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035க்குள் தங்கள் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட ஒப்புக்கொண்டன. ஜூலையில் புது ஏற்பாடு வந்தது: ஆயுதம் அமெரிக்காவுடையது, பணம் ஐரோப்பாவுடையது. உதவி வியாபாரமாகிவிட்டது! டிசம்பரில் 9,000 கோடி யூரோ கடன் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. முடக்கி வைத்த ரஷ்யச் சொத்திலிருந்து கொடுக்கலாம் என்ற யோசனையை பெல்ஜியம் எதிர்த்ததால், கடன் வாங்கிக் கடன் கொடுக்கிறார்கள். ஆனால் பணம் இருந்தால் போதுமா? ஏவுகணையைத் தடுக்கும் பேட்ரியாட் தளவாடத்துக்கு இன்னும் அமெரிக்காவிடம்தான் வரிசையில் நிற்க வேண்டும். பணத்தை ஒரே நாளில் ஒதுக்கலாம், தொழிற்சாலையை ஒரே நாளில் எழுப்ப முடியாது.

'காஸாவில் குழந்தைகள் செத்தபோது இந்த ஐரோப்பா எங்கே போனது?' என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, உரக்கக் கேளுங்கள்! ஆனால் அவர்களுடைய தராசு கோணல் என்பதற்காக நாமும் கோணல் தராசைத் தூக்கலாமா? அமெரிக்காவின் மீதுள்ள கோபத்தில் புடினுக்கு மாலை போடுகிறவர்கள் குரோஸ்னியையும் அலெப்போவையும் மறந்துவிட்டார்களா? கிரிமியாவின் தாத்தார் முஸ்லிம்களை அறிவார்களா? 1944 மே மாதத்தில் ஸ்டாலின் சுமார் 2 லட்சம் பேரை ரயில்களில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு விரட்டினார். பல்லாண்டு கழித்துத் திரும்பி வந்தவர்களின் மஜ்லிஸை 2016ல் ரஷ்யா தடை செய்தது. ஜித்தா பேச்சுவார்த்தையில் உக்ரைன் தரப்பில் உட்கார்ந்திருந்த அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ருஸ்தம் உமெரோவ், அந்தச் சமுதாயத்துப் பிள்ளை. நாடுகடத்தப்பட்ட மண்ணில், சமர்கண்டில் பிறந்தவர்.

ஆகவே ஆக்கிரமிப்பை யார் செய்தாலும் ஆக்கிரமிப்பு என்றே சொல்லுங்கள். வல்லரசுகளில் ஒன்றை எஜமானாகத் தேர்ந்தெடுப்பது அரசியல் அல்ல. கொடுக்கிற கை எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளும். உதவி கிடைக்கும் நாளில், அது நின்றுபோகும் நாளுக்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ளாத சமுதாயம், போர்க்களத்தில் தோற்பதற்கு முன்பே பேச்சுவார்த்தை மேசையில் தோற்றுவிடும்.