மாத்திரை போட மறந்தாரா, போட்டதை மறந்தாரா? 'டு'வும் 'இங்'கும் செய்யும் கலாட்டா

வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஓர் அம்மா போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். ஒரு நாள் காலையில் தலைசுற்றல். மகள் காரை நிறுத்தப் போன நேரத்தில் கிளினிக் நர்ஸ் கேட்கிறார், "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" அம்மாவுக்கு அதுதான் சந்தேகமே. போட்ட மாதிரியும் இருக்கிறது, போடாத மாதிரியும் இருக்கிறது. பள்ளிக்கூட இங்கிலீஷை எல்லாம் திரட்டி, 'ஐ டிட் நாட் ரிமெம்பர் டு டேக் இட்' என்கிறார்.

நர்ஸ் காதில் இது எப்படி விழும் தெரியுமா? 'போட மறந்துட்டேன்'. அதாவது, இன்று மாத்திரை உள்ளே போகவில்லை. அம்மா சொல்ல வந்ததோ 'போட்ட ஞாபகம் இல்லை'. அதற்கு ஆங்கிலம், 'ஐ டோன்ட் ரிமெம்பர் டேக்கிங் இட்'. ஏற்கெனவே ஒன்று போட்டிருந்து, மறந்துவிட்டார் என்று நினைத்து இன்னொன்றும் போட்டால், சில சர்க்கரை மாத்திரைகளில் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரை போய்விடும். வித்தியாசம் ஒரு 'டு', ஒரு 'இங்'. அவ்வளவுதான்.

இலக்கணப் புத்தகத்தில் 'டு டேக்' என்பது இன்ஃபினிட்டிவ். 'டேக்கிங்' என்று பெயர்ச்சொல் வேலை பார்ப்பது ஜெரண்ட். பெயரைக் கேட்டதும் பலருக்கு ஒன்பதாம் வகுப்பு கடைசி பெஞ்ச் ஞாபகம் வரும். எந்த வினைக்குப் பின்னால் 'டு', எதற்குப் பின்னால் 'இங்' என்று ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வு முடிந்த மறுநாளே அது போய்விடும்.

ஆனால், இதே வித்தியாசம் தமிழில் இருக்கிறது. நாம் தினமும் தப்பே இல்லாமல் பேசவும் செய்கிறோம். 'கதவைப் பூட்ட மறந்துட்டேன்' என்றால் வீடு திறந்து கிடக்கிறது. 'பூட்டினதையே மறந்துட்டேன்' என்றால் வீடு பத்திரம், மனசுதான் அடித்துக்கொண்டது. 'பூட்ட' என்பது 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம். 'பூட்டினது' நடந்து முடிந்த ஒரு செயலின் பெயர். எந்த பாட்டிக்கும் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'பூட்ட' வரும் இடத்தில் 'டு லாக்', 'பூட்டினது' வரும் இடத்தில் 'லாக்கிங்'. ரிமெம்பர், ஃபர்கெட் இரண்டுக்கும் இது போதும்.

'ஸ்டாப்' இன்னும் சுவாரஸ்யம். புகைப்பதை விட்டவர் 'ஸ்டாப்டு ஸ்மோக்கிங்'. நடந்துகொண்டிருந்தவர் டீக்கடை ஓரம் சிகரெட் பற்றவைக்க நின்றால் 'ஸ்டாப்டு டு ஸ்மோக்'. மருத்துவப் படிவத்தில் 'இரண்டு வருஷத்துக்கு முன்னாடியே விட்டுட்டார்' என்று எழுத நினைத்து இரண்டாவதை எழுதினால், மனுஷர் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு தம் அடிக்க நின்றார் என்றுதான் அர்த்தம். அதற்கு அப்புறம் விட்டாரா இல்லையா, தெரியாது!

ஏன் இப்படி? கொஞ்சம் பின்னால் போனால் புரியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'டு' என்பது 'நோக்கி' என்று திசை காட்டும் சொல். இன்றும் 'கோ டு ஸ்கூல்' என்கிறோமே, அதே சொல்தான். அது வினைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது 'அந்தச் செயலை நோக்கி' என்ற வாசனையையும் கொண்டுவந்தது. 'இங்' வேறு வழியில் வந்தது. அது வினையைப் பெயராக்கும் விகுதி. நம் ஊரில் ஆடு என்பதை ஆடல் ஆக்கும் 'அல்' போல, செய் என்பதைச் செய்தல் ஆக்கும் 'தல்' போல. பில்டிங், மீட்டிங், வெட்டிங் என்று நாம் தமிழிலேயே புழங்கும் சொற்கள் எல்லாம் அந்த வம்சம்தான்.

அதனால்தான் இனிமேல் நடக்க வேண்டியதைப் பற்றிப் பேசும் வான்ட், ஹோப், பிளான், ப்ராமிஸ், டிசைட், ரெஃப்யூஸ் எல்லாம் 'டு' பக்கம். நடந்ததை, நடந்துகொண்டிருப்பதைப் பேசும் என்ஜாய், ஃபினிஷ், அட்மிட், டினை, கீப் எல்லாம் 'இங்' பக்கம். அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் பொலிஞ்சர் 1968-லேயே இதையொட்டிய விளக்கம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். 'இங்' ஒரு செயலை நிஜமான ஒன்றாகக் காட்டுகிறது; 'டு' அதை நடக்கக்கூடிய ஒன்றாகக் காட்டுகிறது என்பது அவர் வாதம். எல்லா இடத்திலும் இது பொருந்துமா என்றால், இல்லை. சஜஸ்ட், கன்சிடர் இரண்டும் இனி நடக்கப்போவதைத்தான் பேசுகின்றன, ஆனால் 'இங்' கேட்கின்றன. மேனேஜ் முடிந்துபோன காரியத்தைச் சொல்லிக்கொண்டே 'டு' கேட்கும். இந்த மாதிரி ஏழெட்டை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. அதில் முதல் இடம் ஆபீஸ் மெயிலின் கடைசி வரிக்கு. 'உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று மனசுக்குள் ஓடுகிறது. 'சந்திக்க' வந்துவிட்டதால் கை தானாக 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று அடிக்கிறது. சரியானது 'டு மீட்டிங் யூ'. 'டு'வுக்குப் பின்னால் 'இங்'கா என்று கண் உறுத்தும். ஆனால், இந்த 'டு' வினையோடு ஒட்டிய 'டு' இல்லை, பழைய திசை காட்டும் 'டு'. கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை: வினையை எடுத்துவிட்டு அங்கே ஒரு பொருளை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' சரியாக நிற்கிறதா? அப்படியானால் வினை வந்தால் 'இங்' போட வேண்டும். 'ஐ வான்ட் டு த ஹாலிடே' நிற்கவில்லை, அதனால் அங்கே வெறும் வினை.

இதே சோதனை ஒரு வேலையையே காப்பாற்றலாம். இன்டர்வியூவில், 'நைட் ஷிஃப்ட் ஓகேவா?' என்று கேட்கிறார்கள். 'எனக்குப் பழக்கம்தான்' என்று சொல்ல நினைத்து, 'ஐ யூஸ்டு டு வொர்க் நைட் ஷிஃப்ட்' என்றால், 'முன்னாடி பார்த்தேன், இப்போ இல்லை' என்று ஆகிவிடும். கேட்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஏன் என்று நமக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது, 'ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்'. ஒரு 'ஆம்', ஒரு 'இங்', இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

'ரிக்ரெட்' என்ற சொல்லை வேலைக்கு விண்ணப்பித்த எல்லோருக்கும் தெரியும். 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று தொடங்கினால் மீதியைப் படிக்கவே வேண்டாம். அது 'தெரிவிக்க வருந்துகிறோம்'. அதே கம்பெனி 'வீ ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்று எழுதினால், 'உங்களிடம் போய்ச் சொன்னோமே' என்று தலையில் அடித்துக்கொள்வதாக அர்த்தம். எந்த கம்பெனியும் அப்படி எழுதாது என்பது வேறு விஷயம்.

கடைசியாக 'ட்ரை'. இங்கே தமிழ் கைகொடுக்கிறது. 'செய்து பார்' என்றால் 'ட்ரை டூயிங்', 'செய்ய முயற்சி செய்' என்றால் 'ட்ரை டு டூ'. வைஃபை வேலை செய்யவில்லை என்று கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், 'ட்ரை ரீஸ்டார்ட்டிங் த ரவுட்டர்' என்பார்கள். ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்று அர்த்தம். பண்ணிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால், 'ஐ ட்ரைடு ரீஸ்டார்ட்டிங் இட்' என்று சொல்லுங்கள். 'ஐ ட்ரைடு டு ரீஸ்டார்ட்' என்று சொன்னால், ரவுட்டரே ஆன் ஆகவில்லை போல என்று நினைத்து, பிளக் பாயின்ட்டில் கரன்ட் வருகிறதா என்பதில் இருந்து ஆரம்பிப்பார்கள்.