ஒரு கால் அமெரிக்கா, ஒரு கால் ஐரோப்பா... நம்பாதீங்க!

போன மாதம் பரீட்சை முடிந்த கையோடு கோபன்ஹேகனிலிருந்து நாங்கள் நாலு பேர் ஐஸ்லாந்து போய் வந்தோம். ரெய்க்யவிக்கிலிருந்து முக்கால் மணி நேரம் போனால் திங்வெட்லிர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழிகாட்டி ஒரு பாறை வெடிப்பைக் காட்டி, "ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். இப்ப நீங்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நேரத்தில் நிக்கறீங்க" என்றார். விடுவோமா? வரிசையில் நின்று ஆளுக்கு ரெண்டு படம். அம்மாவுக்கும் அனுப்பியாச்சு :-)

கூட வந்தவர்களில் ஒருத்தன் நிலவியல் படிக்கிறவன். "டேய், அந்தப் படத்தை அழிச்சிடு" என்றான்.

விஷயம் இதுதான். மேற்கே அல்மன்னாக்யாவ் என்கிற பாறைச்சுவர், கிழக்கே ஹ்ராப்னாக்யாவ் என்கிற வெடிப்பு. ரெண்டுக்கும் நடுவில் 5-6 கி.மீ. அகலத்துக்கு இறங்கிப்போன தரை. நாங்கள் நின்றது அதற்குள் இருக்கும் எத்தனையோ வெடிப்புகளில் ஒன்று. மேற்குச் சுவரின் பக்கம் வட அமெரிக்கத் தட்டு, சரி. ஆனால் கிழக்கே இருப்பது கூட நேராக ஐரோப்பா இல்லையாம், நடுவில் ஹ்ரெப்பார் என்று ஒரு குட்டித் தட்டு இருக்கிறதாம்!

நர்மதை பாய்வது பிளவுப் பள்ளத்தாக்கில் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனாலும் பள்ளத்தாக்கு என்றால் ஆறு தோண்டியது என்றுதான் மனசுக்குள் நினைப்பு. நண்பன் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு புத்தகத்தை அழுத்திப் பிடித்து, கைகளை மெதுவாக விலக்கினான். புத்தகம் சறுக்கிக் கீழே இறங்கியது. அவ்வளவுதான். தட்டுகள் விலகும்போது தரை மெலிந்து வெடிக்கிறது, நடுவில் பிடிமானம் போன துண்டு கீழே இறங்குகிறது. ஆறும் ஏரியும் அப்புறம் வந்து குடியேறியவை.

ஐஸ்லாந்தில் தட்டுகள் வருஷத்துக்குச் சுமார் 2 செ.மீ. விலகுகின்றன. ஆனால் தரை அப்படித் தவணை முறையில் இறங்குவதில்லை. இழுவிசை சேர்ந்து சேர்ந்து ஒருநாள் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும். 1789-ல் பத்து நாள் நிலநடுக்கத்தில் திங்வெட்லிர் தரை ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கியது. 930-லிருந்து அங்கே கூடிவந்த நாட்டுச் சபை 1798-க்குப் பிறகு அங்கே வழக்கமாகக் கூடுவதை நிறுத்திக்கொண்டது.

பழங்கதை என்று நினைக்காதீங்க. 2023 நவம்பர் 10-ம் தேதி, தென்மேற்கே கிரிண்டவீக் என்ற மீனவர் ஊருக்கு அடியில் பாறைக்குழம்பு புகுந்தது. தெருக்கள் பிளந்து, ஊரின் ஒரு பகுதி சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. சுமார் 3,700 பேர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். 2024 ஜனவரியில் எரிமலைக் குழம்பு ஊருக்குள்ளேயே வந்து மூன்று வீடுகளை எரித்தது.

அதனால்தான் அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம். சின்னப் பொய்தானே, சுற்றுலாவில் இதெல்லாம் சகஜம் என்பீர்கள். அந்தப் பொய் இத்தனை பெரிய சங்கதியை, தாண்டி விளையாடும் ஒரு கோடாக ஆக்கிவிடுகிறது. கோடு என்றால் பயமில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடிழக்க மாட்டார்கள்.

அம்மா போனில், "அமெரிக்கா எப்படிடா இருந்துச்சு?" என்றாள்.

"அமெரிக்காவும் இல்ல, ஐரோப்பாவும் இல்லம்மா. நடுவுல இறங்கிக்கிட்டிருக்கிற தரை."

"இறங்குற தரையில உனக்கு என்னடா வேலை?"

நியாயமான கேள்விதான்!