மதகு திறக்கும் நேரம்

முல்லைப் பெரியாறு அணையின் மதகுகள் திறக்கப்படும்போதெல்லாம் வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு ஆற்றோர மக்களுக்கு உறக்கம் போய்விடுகிறது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். 2018 ஆகஸ்ட் 15 அதிகாலையில் மதகுகள் திறக்கப்பட்டன. 2021 டிசம்பர் தொடக்கத்தில் இரவு வேளையில் திறந்துவிட்ட நீர் வீடுகளுக்குள் புகுந்தது. கேரள முதல்வர் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேனி, மதுரைச் சீமை வயல்களுக்கு அந்நீர் உயிர். அதில் நமக்கு இரு கருத்தில்லை. நாம் கேட்பது நேரத்தைப் பற்றி. மழை விடாது என்று தெரிந்ததும் பகலிலேயே சிறிது சிறிதாகத் திறக்கலாமே! இரவில் திடீரென மழை கொட்டினால் வேறு வழியில்லை என்பார்கள். மெய்தான். அப்படியானால் அறிவிப்பாவது முந்திக்கொண்டு வர வேண்டும். அதுவும் மலையாளத்தோடு தமிழிலும் வர வேண்டும். மாட்டை அவிழ்த்து, ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு மேடேற அரை மணியாவது வேண்டாமா?

2018இல் மீனவர்களின் படகுகள் செங்கன்னூரில் பலரைக் காப்பாற்றின. பாறைகளுக்கிடையே பாய்ந்துவரும் மலையாற்றில் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. அணையின் மேற்பார்வைக் குழு, அடுத்த பருவமழைக்கு முன்பே இரு மாநில அதிகாரிகளையும் அழைத்துப் பேசி ஆவன செய்யுமா?