வாயிலில் நிற்போர்க்கும் மானம் உண்டு

வேலை நாடி வரும் இளைஞனிடம் கற்ற கல்வியைக் கேட்கலாம்; கைத்திறனைச் சோதிக்கலாம். அவற்றை விடுத்து, "என்ன இனம்? என்ன சமயம்?" என்று துருவுவது நேர்முகத் தேர்வாகுமா? மணமான பெண்ணிடம், "எப்பொழுது பிள்ளை பெறுவதாய் எண்ணம்?" என வினவுவது எந்த ஊர் நியாயம்?

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றி, ஆளெடுக்கும் கட்டத்தையும் அதனுள் அடக்கியது. இனம், சமயம், மணநிலை, கருவுற்ற நிலை ஆகியவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்கலாகாது என்பது அதன் சாரம். ஆயினும், 25 பேருக்குக் குறைவான ஊழியரைக் கொண்ட நிறுவனங்களுக்கு அச்சட்டம் விலக்களித்தது. நிறுவனம் சிறிதானால் அதன் வாயிலில் நிற்பவனுடைய மானமும் சிறிதாகுமோ?

ஆசிரியப் பெருமக்களே! விடை கூறப் பழக்கிய மாணவனுக்கு, தகாத வினாவை மறுத்து நிற்கவும் பழக்குவீர்!